காலிப் பெட்டிக்காரர்

கம்ப்யூட்டர் வீட்டுக்குள் வந்த பிறகு நம் நாட்டில் ஒரு புதுப் பிராணி தோன்றியிருக்கிறது. அதற்குக் காலிப் பெட்டிக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். மெயில் படிப்பதற்கென்று கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் இருக்கிறதல்லவா, அதில் வருகிற கடிதங்களை ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்து, கடைசியில் இன்பாக்ஸில் ஒரு கடிதம்கூட இல்லாமல் துடைத்து வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து அந்த வெறுமையைப் பார்த்து ரசிப்பவர். கடிதங்களைப் படிப்பாரா என்று கேட்கிறீர்களா? அது வேறு இலாகா.

புதுப் பிராணி என்று சொன்னதுகூட முழு உண்மையில்லை. முன்பும் இருந்தது. பிளாஸ்டிக் பையை நாலாக மடித்து இன்னொரு பிளாஸ்டிக் பைக்குள் வைக்கும். பழைய செய்தித்தாளைத் தேதி வாரியாக அடுக்கி, எடைக்குப் போடும்போது வரிசை கலையாமல் போடும்படி வண்டிக்காரரிடம் சண்டை பிடிக்கும். முடிந்துபோன கல்யாணங்களின் பத்திரிகைகளை மாதவாரியாகக் கம்பியில் குத்தி வைக்கும். பாவம், அதுவரை கையும் காலும் வலிக்கத்தான் அடுக்கிக்கொண்டிருந்தது. மெயில் வந்தது, உட்கார்ந்த இடத்தில் மோட்சம் கிடைத்தது.

நான் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிறகு வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். அங்கேயும் இந்த ரகத்தைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி படுக்கை விரிப்பின் மூலையை அளவெடுத்தாற்போல மடிப்பாள். ஒரு சுருக்கம் இருக்காது. நோயாளியைப் படுக்கவைக்கத்தான் மனசு வராது.

என் பக்கத்து வீட்டு சீனுவாசன் இந்த இனத்தில் நல்ல ஜாதி மாம்பழம் மாதிரி. திண்டிவனத்தில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் சித்ராவின் படிப்புக்கென்று கம்ப்யூட்டர் வாங்கினார். அவள் படிப்பை முடித்து, விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டாள். கம்ப்யூட்டர் அப்பாவிடமே தங்கிவிட்டது. ஒருநாள் அவள் ஒரு மெயிலை எடுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் வைத்துவிட்டாளாம். அன்றைக்கே பாஸ்வேர்டு போட்டுவிட்டார். அவருடைய மனைவி அஞ்சம்மாளுக்கு அந்த மேஜையைத் துடைக்க மட்டும் அனுமதி உண்டு, அதுவும் மவுஸ் என்கிற எலிவாலைத் தொடாமல்.

அவருக்கு அப்படி எவ்வளவு மெயில் வருகிறது? ஓய்வு பெற்றோர் சங்கத்திலிருந்து கூட்ட அறிவிப்பு; சங்கத்திலிருந்து அந்தக் கூட்டம் தள்ளிவைப்பு; மஸ்கட்டில் இருக்கும் மைத்துனர் அனுப்பும் சாமி படம்; முன்பின் தெரியாத வெளிநாட்டுச் சீமாட்டி தன் சொத்தில் பாதியை இவருக்கு எழுதி வைக்க விரும்பும் கடிதம். சீமாட்டியை அவர் நம்புவதில்லை, விவரமான மனிதர். ஆனாலும் 'வெளிநாட்டுப் பரிசுகள்' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, அதற்குள் நாடு வாரியாகப் பிரித்து வைத்திருந்தார். அழித்த கடிதங்களுக்கும் இரண்டு பிரிவு: 'முக்கியமாக அழித்தவை', 'சாதாரணமாக அழித்தவை'. ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் ஒரு சி.டி.யில் ஏற்றி, அதன் மேல் சந்தனப் பொட்டு வைத்தார். பொட்டு வைத்த சி.டி. எந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் என்று நான் கேட்கவில்லை. பூஜை நேரத்தில் குதர்க்கம் பேசக்கூடாது.

வாரம் ஒரு தடவை பிரஷர் பார்த்துக்கொள்ள என் வீட்டுக்கு வருவார். கையில் பட்டையைச் சுற்றி நான் காற்றடிக்கும்போதுதான் அவருக்குப் பேச்சு வரும். "எதுவுமே சிஸ்டமேட்டிக்கா இருக்கணும் சிஸ்டர்" என்பார். பிறகு 'ரூல்' என்கிற ஒன்றைப் பற்றி விளக்குவார். இன்னார் அனுப்பினால் இன்ன ஃபோல்டருக்குப் போ என்று புரோகிராமுக்குக் கட்டளை போட்டுவிட்டால், கடிதம் இன்பாக்ஸ் வாசலைக்கூட மிதிக்காமல் நேராகத் தன் இடத்துக்குப் போய்விடுமாம். விழுப்புரம் ஜங்ஷனில் வண்டிகளைக் காட்பாடிப் பக்கம், பாண்டிச்சேரிப் பக்கம் என்று திருப்பி விடுகிறார்களே, அப்படி. ஆனால் ஜங்ஷனில் வண்டி வந்ததென்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். இவர் ஃபோல்டர்களையெல்லாம் எப்போதும் மூடியே வைத்திருப்பார். கிளையை விரித்து வைத்தால் பார்க்க அசிங்கமாம்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் சித்ராவைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மாப்பிள்ளை மணிமாறன், விழுப்புரத்தில் மின்வாரியத்தில் வேலை. அப்பா சக்கரபாணி ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நானும் போயிருந்தேன். பையன் கேசரியை முழுக்கச் சாப்பிட்டான், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான், கேட்காததற்குச் சும்மா இருந்தான். இரண்டு பேரையும் கிணற்றடியில் கொஞ்ச நேரம் பேசவிட்டார்கள். திரும்பி வந்தபோது சித்ரா தரையைப் பார்க்கவில்லை, நேராகப் பார்த்தாள். எனக்கு அதுவே போதும்.

கிளம்பும்போது எல்லா மாப்பிள்ளை வீட்டாரும் சொல்வதைத்தான் அவர்களும் சொன்னார்கள்: போய்த் தகவல் சொல்கிறோம். உடனே சீனுவாசன் தன் மெயில் முகவரியை ஒரு சீட்டில் எழுதிச் சக்கரபாணி கையில் கொடுத்து, பதில் எழுத்தில் இருந்தால் நல்லது, போன் வேண்டாம், மெயிலிலேயே போட்டுவிடுங்கள் என்றார். ரயில்வேக்காரருக்கும் எழுத்து என்றால் மரியாதை. தலையாட்டிவிட்டுப் போனார்.

அவர்கள் பஸ் ஏறியிருக்க மாட்டார்கள், இவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு பதில் வரவில்லை. ஒரு வாரம் போய், அடுத்த வாரமும் போனது. சித்ரா ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, உரித்தாள். முறம் நிறைய உரித்தாள், ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. மல்லாட்டை உரித்துக்கொண்டே தின்னாத பெண்ணுக்கு உடம்பில் ஒன்றுமில்லை, மனசில்தான் ஏதோ இருக்கிறது. கேட்டேன்.

"பதில் வரலை சிஸ்டர். அப்பா தெனமும் காலைல பாக்கறாரு. இன்பாக்ஸ் காலின்றாரு. அதையும் சந்தோஷமா சொல்றாரு."

நான் போய் சீனுவாசனிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்களேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் கோயிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவள். பெண் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு கேட்டால் பெண்ணுக்கு ஏதோ குறை என்று நினைப்பார்களாம். அஞ்சம்மாள் உள்ளேயிருந்து, "இவரு கேக்கவும் மாட்டாரு, அந்தப் பொட்டியில யாரையும் பாக்கவும் வுட மாட்டாரு. பேஜாரு புடிச்ச மனுசன்" என்றார். சீனுவாசன் காதில் விழவில்லை. மெயில்களைச் சுருக்கி இடம் மிச்சம் பண்ணுகிற ஒரு சடங்கு உண்டு, அது ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வீட்டில் மிக்ஸிகூடப் போடக்கூடாது.

நான் பெண் வீடும் இல்லை, மாப்பிள்ளை வீடும் இல்லை. யார் முந்திக் கேட்டாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. மறுநாள் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன்.

சக்கரபாணி மரியாதையாக உட்காரச் சொன்னார், காபி வரச் சொன்னார், முகத்தை மட்டும் கொடுக்கவில்லை. "நாங்க சம்மதம்னு எழுதியாச்சும்மா. கெடச்சுதான்னு இன்னொன்னும் எழுதினோம். அதுக்கு மேல மாப்பிள்ளை வீடு எறங்கி வந்து கேக்க முடியுமா?" என்றார். போய்ச்சேராத கடிதம் திரும்பி வந்துவிடும் என்று பையன் சொல்லியிருக்கிறான். எதுவும் திரும்பி வரவில்லை. ஆகவே பெண் வீட்டார் வேண்டாமென்று சொல்லச் சங்கடப்படுகிறார்கள் என்று முடிவு கட்டியிருந்தார். கண்டாச்சிபுரத்தில் வேறொரு பெண்ணைப் பார்க்க வருகிற வெள்ளிக்கிழமை வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

மணிமாறன் என்னை பஸ் ஸ்டாண்டில் விட பைக்கில் வந்தான். இறக்கி விட்ட பிறகு வண்டியை அணைத்துவிட்டுக் கேட்டான். "அவங்களுக்கு இஷ்டம் இல்லீங்களா சிஸ்டர்?"

"நீயே கேளு" என்றேன்.

"நான் எப்படிங்க கேக்கறது?" என்றான். அவன் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நேராக சீனுவாசன் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டார் எழுதினார்களாமே என்றேன். வரவே இல்லை, இதோ பாருங்கள் என்று இன்பாக்ஸைக் காட்டினார். சுத்தமாகத்தான் இருந்தது, ஆபரேஷன் தியேட்டர் மாதிரி. மற்ற ஃபோல்டர்களைத் திறக்கச் சொன்னேன். தயங்கினார். கல்லூரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த சித்ரா பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் பின்னால் வந்து நின்றாள். அவர் ஒவ்வொன்றாக விரித்தார். 'குடும்பம்' என்பதற்குள் 'சித்ரா'. அதற்குள் 'திருமணம்'. அதற்குள் 'மாப்பிள்ளை வீட்டார்'. அதற்குள் 'விழுப்புரம்'. அதற்குள் 'வந்த பதில்கள்'.

அங்கே இருந்தன இரண்டு கடிதங்களும், படிக்காதவற்றுக்குரிய தடித்த எழுத்தில், யாரும் திறக்காமல். சம்மதம் என்று ஒன்று. கிடைத்ததா என்று இன்னொன்று.

நடந்தது இவ்வளவுதான். அவர்கள் பஸ் ஏறுவதற்கு முன்பே உட்கார்ந்தாரே, அப்போது சக்கரபாணி என்ற பெயரில் எது வந்தாலும் நேராக அங்கே போகும்படி ரூல் போட்டு, ஃபோல்டரை மூடி, போட்டதையே மறந்துவிட்டார். பதிலுக்கு அவ்வளவு அருமையாக இடம் தயார் பண்ணி வைத்ததில், பதில் வரவேண்டும் என்பது நினைவில் இல்லை.

சித்ரா அப்பாவையே பார்த்தாள். அவர் முகம் சிறுத்துப் போயிற்று. ஏதாவது செய்ய வேண்டுமே என்று தவித்து, கடைசியில் செய்தார்: 'தாமதமாகப் பார்த்தவை' என்று ஒரு புது ஃபோல்டர் திறக்கப் போனார்.

நான் கண்டாச்சிபுரத்து வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். நம்பரையும் சித்ரா கையில் கொடுத்தேன். எலிவாலிலிருந்து கையை எடுக்காமலே சீனுவாசன், பெண் பிள்ளை தானே பேசுவது முறையில்லை, நான் முறைப்படி ஒரு பதில் எழுதுகிறேன், தலைப்பு என்ன வைப்பது என்றுதான் யோசிக்கிறேன் என்றார். அவள் அதற்குள் போனை எடுத்து நம்பரைத் தட்டிவிட்டாள்.

"நான் சித்ரா பேசறேன். உங்க மெயிலை அப்பா இப்பதான் பாத்தாரு. எனக்கு சம்மதம்ங்க. வெள்ளிக்கெழம கண்டாச்சிபுரம் போறீங்களா, இங்க வர்றீங்களா?"

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததென்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் போனைக் காதில் வைத்தபடியே அம்மாவைப் பார்த்து, "வெத்தலபாக்கு வாங்கணும்மா" என்றாள். அஞ்சம்மாள் சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சீனுவாசன் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு என்னிடம் மெல்ல, "ஆனா கடிதம் பத்திரமா இருந்துதில்ல சிஸ்டர்" என்றார்.

வெள்ளிக்கிழமை திண்டிவனத்தில் தட்டு மாற்றினார்கள். சம்பந்திகள் இருவரும் அன்றைக்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டதாகவும், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை என்றும், ரயில்வேக்காரர் வீடு திரும்பியதும் தன் மெயிலுக்கும் ரூல் போட்டுக்கொண்டதாகவும் கேள்வி. இப்போது கல்யாண விஷயமாக ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிறார்கள். மண்டபம் பிடித்தது, சமையலுக்குச் சொன்னது எல்லாம் பிள்ளைகள் இருவரும் போனில் பேசி முடித்தவை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். யாரோ ஒரு சித்தப்பா நினைவுக்கு வந்திருப்பார். நல்லது, சிரியுங்கள். ஆனால் பதில் எழுத வேண்டுமென்று நீங்கள் பத்திரமாக எடுத்து வைத்த ஒன்று எங்கேயோ இருக்கிறது. அனுப்பியவர் இன்னும் காத்திருக்கிறார், மரியாதைக்காக மறுபடி கேட்காமல் இருக்கிறார். யார் என்று உங்களுக்கே தெரியும். எழுந்து போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

இதை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம் என்று எங்காவது அடுக்கி வைத்தவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் இந்த வரி வரைக்கும் வரப்போவதில்லை.