ஏலக்காயை அண்ணாந்து தேடியவள்

இளவயதில் தனியாகப் பயணம் போனால் தன்னம்பிக்கை வளரும், பயம் போகும், முடிவெடுக்கும் திறன் வரும் என்று எழுதுகிறார்களே, அவர்களில் ஒருத்தரையாவது ஏலத்தோட்டத்தில் திருட்டுப் பட்டம் கட்டி நிறுத்தி வைத்திருக்கிறார்களா? என்னை நிறுத்தி வைத்தார்கள். ஆகவே இதைப் பற்றிப் பேசும் தகுதி அவர்களைவிட எனக்கு அதிகம்.

படிப்பு முடிந்து பெங்களூரில் எனக்கு வேலை கிடைத்திருந்த நேரம் அது. எங்களுக்குப் பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில் தென்னந்தோப்பு. அதைத் தாண்டி என்னை அனுப்ப அப்பாவுக்கு மனசே இல்லை. "தனியா எப்பிடி அம்முணி இருப்ப?" என்பதைக் காலைக் காப்பியோடு ஆரம்பிப்பார். பயணத்தால் மனம் எப்படிப் பக்குவப்படும் என்று இணையத்தில் படித்ததையெல்லாம் அவரிடம் கொட்டினேன். (அதுவரை நான் தனியாகப் போன அதிகபட்ச தூரம் பக்கத்தில் இருக்கும் சித்தூர்.)

அப்பா கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். "செரி. எங்காச்சும் தனியாப் போயிட்டு ஊடு வந்து சேரு. நடுவுல 'அப்பா, மாட்டிக்கிட்டேன், வாங்க'ன்னு ஒரு போன் வந்துச்சு, பெங்களூர் கெடையாது. நானும் உன்னையக் கூப்பிட மாட்டேன்."

"செரிங்கப்பா" என்றேன், என்னமோ இமயமலைக்குக் கிளம்புகிறவள் மாதிரி.

வண்டன்மேடு என்று முடிவு செய்தது அம்மா. அங்கே ஏலக்காய் நன்றாக இருக்குமாம். வீட்டுக்கு, பெரியம்மாவுக்கு, சித்திக்கு என்று காலித் துணிப்பைகளை மடித்து என் பைக்குள் திணித்தாள். அந்தப் பைகள் என் கழுத்தை அறுக்கப் போகின்றன என்று அப்போது தெரியாது.

பஸ் மாறி மாறிக் கம்பம் போய், ஒரு லாட்ஜில் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுத் தூங்கினேன். (எங்கே தூங்கினேன்? நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.) காலையில் மலையேறி வண்டன்மேட்டில் இறங்கியதும் திமிர் திரும்பி வந்துவிட்டது. செடியில் காய்த்திருக்கும் ஏலக்காயைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்ப வேண்டும், அவர் வாயடைத்துப் போக வேண்டும். சாலையோரம் ஒரு தோட்டம். வேலி இல்லை. உள்ளே நுழைந்தேன்.

மஞ்சள் செடி ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் ஏலச்செடி. அண்ணாந்து பார்த்தேன். இலைதான் இருந்தது. அடுத்த செடிக்குப் போனேன். அங்கேயும் இலை. ஒரு தண்டை வளைத்துப் பார்த்தேன், படக்கென்று ஒடிந்தது. இன்னொன்றை வளைத்தேன், அதுவும் ஒடிந்தது.

"ஏய்! யாரது? அங்கனயே நில்லு!"

திரும்பினால் இடுப்பில் கூடை கட்டிய பெண்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். முன்னால் நின்றவள் பாண்டியம்மா. பெயரெல்லாம் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது அவள் கையிலிருந்த, செடி கழிக்கும் கவாத்துக் கத்தி மட்டும்.

"எங்கிட்டு இருந்துடி வந்த? கூட வந்த களவாணிப் பயலுக எங்க?"

"நான் டூரிஸ்ட்" என்றேன்.

"ஆத்தாடி! போன வாரம் சரம் சரமா அறுத்துட்டுப் போனாய்ங்களே, அவிங்களும் டூரிஸ்ட்டுதானா?"

தோட்டத்து சூப்பர்வைசர் முருகேசன் ஓடி வந்தார். என் பையைத் திறந்தார். ஒரு காலிப் பை வந்தது. இன்னொன்று வந்தது. மந்திரவாதி தொப்பியிலிருந்து எடுப்பதுபோல வந்துகொண்டே இருந்தது. என் ஷூவைக் காட்டினாள் பாண்டியம்மா. சேற்றோடு சேர்ந்து பச்சைக் காய்கள் நசுங்கி ஒட்டியிருந்தன. அவை எங்கிருந்து வந்தன என்று சத்தியமாக எனக்குப் புரியவில்லை.

"வீட்டு நம்பரைச் சொல்லு. அப்பாகிட்டப் பேசணும்" என்றார் முருகேசன்.

அந்த ஒரு போன் போனால் பெங்களூர் போச்சு, வேலை போச்சு. அப்புறம் காலமெல்லாம் தேங்காய் எண்ண வேண்டியதுதான்.

"அப்பா வேண்டாங்க. போலீஸைக் கூப்பிடுங்க" என்றேன்.

"போலீஸுக்குப் பயமில்லையாம், அப்பனுக்குப் பயமாம்!" என்று பாண்டியம்மா கையைத் தட்டினாள். "அண்ணே, இது பெரிய கையிண்ணே!"

முருகேசன் என் போனைப் பிடுங்கிக்கொண்டார். பூட்டைத் திறக்கச் சொன்னார். முடியாது என்றேன். அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். (தன்னம்பிக்கையெல்லாம் இல்லை. வீம்பு.)

அந்த நேரம் பார்த்து அவர் கையிலேயே போன் அடித்தது. திரையில் 'அப்பா'.

கூப்பிட மாட்டேன் என்று சபதம் போட்ட மனுஷன்! முருகேசன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "ஐயா, உங்க மக இங்க வண்டன்மேட்டுல எங்க தோட்டத்துக்குள்ள ஏலக்காய் களவாண்டு பிடிபட்டுருக்கு."

முடிந்தது என் கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் அப்பா பொங்கினார்.

"ஏனுங்க, என்னங்க பேசறீங்க? எம் புள்ளைக்கு மரமே ஏறத் தெரியாதுங்க! அப்பறம் எப்பிடிங்க ஏலக்கா பறிச்சிருப்பா?"

முருகேசன் போனை ஒருமுறை உற்றுப் பார்த்தார். "ஏலக்காய்க்கு எதுக்கு ஐயா மரம் ஏறணும்?"

"பின்னே? தொரட்டி கிரட்டி கையில வெச்சிருந்தாளாங்க?"

முதலில் பின்னால் நின்ற ஒருத்தி 'புஸ்' என்றாள். அப்புறம் மொத்தக் கூட்டமும் வெடித்தது. பாண்டியம்மா கூடையோடு தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தாள். முருகேசன் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "நீ எங்கம்மா தேடுன?"

மேலே காட்டினேன்.

"குனிஞ்சு பாருடி என் தங்கமே!" என்றாள் பாண்டியம்மா.

குனிந்தேன். செடியின் அடியில், மண்ணோடு மண்ணாகச் சரம் சரமாகப் படர்ந்து கிடந்தன காய்கள். அவற்றின் மேல்தான் நான் அவ்வளவு நேரமும் நின்றுகொண்டிருந்தேன்.

"காய் எங்க இருக்குன்னே தெரியாத களவாணியை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார் முருகேசன். ஒடிந்த தண்டுகளுக்காக நன்றாகத் திட்டினார். அது நியாயம், வாங்கிக்கொண்டேன். பாண்டியம்மா பால் விடாத கட்டன் சாயா கொடுத்து, சரத்தைத் தூக்கிப் பிடித்துப் படமும் எடுக்க வைத்தாள். அந்தப் படத்தை நான் யாருக்கும் அனுப்பவில்லை.

வீட்டு வாசலில் அப்பா தயாராக நின்றார். "மாட்டிக்கிட்டயல்ல? பெங்களூர் கெடையாது."

"நான் கூப்பிட்டனாங்கப்பா? நீங்க கூப்பிட்டீங்க. யாரால இருக்க முடியலைன்னு சொல்லுங்க."

அப்பா தோப்பைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அவள் வாயில் முந்தானை இருந்தது. அடுத்த வாரம் அவரே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேற்றினார்.

இப்போதும் விடுமுறைக்கு நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் யாராவது இந்தக் கதையை எடுப்பார்கள். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எனக்குத் தெரியாதுன்னா நெனைச்சீங்க? புள்ளையக் காப்பாத்தோணும்னுதான் அப்பிடி விவரமாப் பேசினேன்" என்பார்.

அம்மா விடமாட்டாள். "அப்பிடீங்களா? அப்பொ ஏலக்கா எங்கீங்க காய்க்கும்?"

அப்பா என் முகத்தைப் பார்ப்பார். நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.

"செடியிலதான்" என்பார்.