பாயிண்ட் நைன் ஒன்

கடையில் ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போகிறவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வாங்கின எண்ணெயைக் கடைக்காரர் தராசிலேயே நிறுத்துக் காட்டி, "பாத்தீங்களா, தொள்ளாயிரத்துப் பத்து கிராம்தான். லிட்டர் வேற, கிலோ வேற" என்று பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் சேர்த்து வகுப்பெடுக்கிறாரே ஒருவர், அவரைப் பற்றித்தான் பேச்சு.

எண்ணெய் தண்ணீரைவிட லேசு. அதனால் மில்லிலிட்டரைப் பாயிண்ட் நைன் ஒன்னால் பெருக்கினால் கிராம் வந்துவிடும். விஷயம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஆயுசு முழுக்க அலட்டிக்கொள்ள முடியுமா? பேஷாக முடியும். கடைக்காரர் அவருக்கு வைத்திருக்கும் பெயரே 'பாயிண்ட் நைன் ஒன்'தான். அதைப் பட்டம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார் நம்மவர். அவரை எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்காதீர்கள். இரண்டு பேரும் ஒரே சட்டையைத்தான் போடுகிறோம். ஆனாலும் 'அவர்' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், கொஞ்சமாவது மானம் மிஞ்சட்டும்.

டீவியில் சமையல் சொல்லித்தரும் அம்மாள் "ஒரு கப் எண்ணெய்" என்றால் "எந்தக் கப்பு?" என்று டீவியையே கேட்பார், மச்சினர் வீட்டு விருந்தில் கை கழுவப் போகிற சாக்கில் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து எண்ணெய்க் கரண்டியை விசாரிப்பார், வண்டிக்கு ஆயில் மாற்றும் மெக்கானிக்கிடம் "உங்க ஆயிலுக்குக் கணக்கு வேறங்க" என்று ஆரம்பித்து, அந்த ஆள் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்வரை விடமாட்டார்.

அவர் மனைவி வீட்டிலேயே கப் கேக் செய்து விற்கிறவள். ஆஸ்பத்திரி கேன்டீன்காரர் ஒன்றைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "மெத்துனு இருக்கும்மா. வெள்ளிக்கிழமை நாப்பது கொண்டாங்க. இதே மாதிரி இருந்தா இனிமே உங்ககிட்டயே வாங்கிக்கறேன்" என்று சொல்லியிருந்தார். அவள் ரொம்ப நாளாக ஏங்கிக்கொண்டிருந்த ஆர்டர். வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

"என்னங்க, நான் ஓவனைப் பாத்துக்கறேன். சுவத்துப் பலகைல எழுதியிருக்கிறபடி எண்ணெய மட்டும் அளந்து ஊத்திடுங்க" என்றாள்.

அளந்து ஊற்றுவதா? இதற்காகத்தானே மனுஷன் பிறவியே எடுத்திருக்கிறார்.

பலகையில் 'எண்ணெய் 910' என்றிருந்தது. நம்மவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு. பாவம், மில்லியில் எழுதியிருக்கிறாள், இவளுக்கென்ன தெரியும்? ஊரெல்லாம் தானே ஒப்பித்துத் திரிகிற எண் கண்ணெதிரே நிற்கிறதே, அடையாளம் தெரிந்ததா? இல்லை. அவளை ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கிற ஆளாக இருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்? பாயிண்ட் நைன் ஒன்னால் பெருக்கினார். தராசில் பாத்திரத்தை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றி, எண்ணூற்று இருபத்தெட்டு கிராமில் நிறுத்தினார். கூடிப்போன இரண்டு சொட்டை ஸ்பூனால் எடுத்துவிட்டு, மாவில் கொட்டினார்.

கேன்டீன்காரர் ஒரு கேக்கைக் கடித்தார். மென்றார். தண்ணீரைத் தேடினார்.

"என்னம்மா, போன தடவை மாதிரி இல்லையே. தொண்டைய அடைக்குது. யோசிச்சுச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "எண்ணெய என்ன பண்ணீங்க?"

"மில்லியக் கிராமா மாத்தி ஊத்தினேன்."

"அது கிராம்தாங்க. எண்ணெய நிறுத்துதான் ஊத்தணும்னு கல்யாணமான புதுசுல சொன்னீங்களே. அன்னையிலேருந்து கிராம்லதான் எழுதறேன்."

தன் பேச்சைக் கேட்டு நடந்த ஒரே ஜீவன், அதன் பிழைப்பிலேயே மண்ணைப் போட்டுவிட்டார் நம்மவர்.

"நான் சொன்னத இவ்வளவு வருஷமா கேட்டியா?"

"கேட்டேன். நீங்கதான் என்னை ஒண்ணும் கேக்கறதில்ல."

வெட்கம் பிடுங்கித் தின்றது. உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினார். "தப்பு என்னோடதுங்க. அவ கைப்பக்குவத்துல ஒரு குறையும் இல்ல. அதாவது, ஒரு லிட்டர் எண்ணெய் இருக்கே..."

"போதும் சார். திங்கக்கிழமை இன்னொரு தடவை அவங்களையே கொண்டுவரச் சொல்லுங்க. நீங்க வராதீங்க."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால், சிரிக்கிறபோதே உங்கள் கால் சமையலறைப் பக்கம் நகர்கிறதா? "லிட்டர் வேற, கிலோ வேற, தெரியுமா?" என்று உள்ளே இருப்பவரிடம் ஆரம்பிக்க நாக்கு அரிக்கிறதா? உட்காருங்கள். அவருக்குத் தெரியும். போன தடவையும் நீங்கள்தான் சொன்னீர்கள்.