தலை குனிந்தால் பத்து வரை

ஒரே விளையாட்டுக்கு நடுவராக இருப்பவர் உலகை ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார் என்று விளையாட்டுத் துறை கண்டறிந்தது. எனவே ஒவ்வொரு நடுவரும் மாத இறுதிக்குள் வேறொரு விளையாட்டிலும் பணியாற்றித் தம் திறனை மேம்படுத்திக்கொள்ள வேண்டும். தவறினால் உரிமம் ரத்து. யோசனை நல்லதுதான். அதனால்தான் அதைச் செயல்படுத்த ஓர் அதிகாரி தேவைப்பட்டார்.

குத்துச்சண்டை நடுவருக்குச் சதுரங்க இறுதிப் போட்டி ஒதுக்கப்பட்டது.

"சார், எனக்குக் குதிரை எப்படிப் போகும்னுகூடத் தெரியாது."

"குதிரையை நீங்களா ஓட்டப் போறீங்க? உங்க திறமையை அங்க கொண்டு போங்க, போதும்."

அவருக்குத் தெரிந்த பிழைப்பு அது ஒன்றுதான். போனார்.

ஒரு பக்கம் கல்லூரி மாணவி, எதிரே கண்ணாடி போட்ட இளைஞன். ஒரு மணி நேரம் கடந்தும் யாரும் யாரையும் அடிக்கவில்லை. நடுவருக்கு மதிப்பெண் போட முன்வரிசையில் அமர்ந்திருந்த அதிகாரி, அவரைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"என்னய்யா, நட்டு வச்ச கம்பம் மாதிரி நிக்கிறீங்க? 'செயல்பாடு'ல முட்டை போடவா?"

நடுவருக்கு வியர்த்தது. திரும்பினால், மாணவி இரு கைகளாலும் தலையைத் தாங்கி மேசைமேல் கவிழ்ந்திருந்தாள். இது அவருக்குத் தெரிந்த விஷயம்: விழுந்தவர் பத்து எண்ணுவதற்குள் எழ வேண்டும்.

"ஒன்னு! ரெண்டு!"

"சார், நான் யோசிக்கிறேன்!"

"முடியலைன்னா சொல்லிடும்மா. அஞ்சு!"

"நான்தான் சார் ஜெயிச்சுக்கிட்டிருக்கேன்!"

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க. எட்டு!"

பத்தில் இளைஞனின் கையைத் தூக்கிப் பிடித்தார். 'விரைந்து முடிவெடுக்கும் ஆற்றல்' என்ற தலைப்பின் கீழ் அதிகாரி முழு மதிப்பெண் வழங்கினார்.

மாணவியின் அப்பா அதிகாரியின் அறைக்கே போய்க் கத்தினார். நடுவரும் கூடவே போய், "தப்பு என்னுதுதான் சார்" என்றார். அதிகாரி பெருந்தன்மையுடன் மறுபோட்டிக்கு ஆணையிட்டார். நடுவரின் மதிப்பெண்ணும் அதில்தான் முடிவாகும் என்றார்.

மறுநாள் நடுவர் கைகளைப் பின்னால் கட்டி, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். இந்த முறை தலை குனிந்தது இளைஞன்.

"சார், எண்ணுங்க" என்றாள் மாணவி.

"அவர் யோசிக்கிறாரும்மா."

"நேத்து நான் மட்டும் என்ன, தூங்கினேனா?"

"நியாயம்னா எல்லாருக்கும் ஒன்னுதான்!" என்று அப்பா எழுந்து நின்றார். "எண்ணுங்க சார்!"

யாரோ பின்வரிசையில் 'ஒன்னு' என்றார்கள். நாலு வருவதற்குள் அரங்கமே எண்ணிக்கொண்டிருந்தது. அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார். ஏழில் நடுவரின் வாயும் திறந்துகொண்டது.

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. நடுவரின் உரிமத்தை மேடையிலேயே புதுப்பித்துக் கொடுத்தார்கள். மேசையை மடிக்க வந்தபோதுதான் கவனித்தார்கள்: அந்த இளைஞன் இன்னும் தலை நிமிரவில்லை. பாவம், யோசித்துக்கொண்டிருந்தான்.