நாலு மணிக்குள் ஒரு கணக்கு

மச்சானின் ஷூ கடித்தது. கடித்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கத்தவும் செய்தது. லிஃப்ட்காரர் வங்கிக்குள் வைத்த ஒவ்வொரு அடிக்கும் அது 'க்ரீச்' என்றது. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யார் கண்ணிலும் படாமல் வந்து, ஒரு கணக்கைத் திறந்துகொண்டு, யார் கண்ணிலும் படாமல் போய்விட நினைத்த மனுஷனுக்கு இது தேவையா?

வாசலில் நின்ற செக்யூரிட்டி பெரியவர் மறித்தார்.

"என்ன விஷயமா வந்தீங்க?"

"ஒரு கணக்கு ஆரம்பிக்கணும். சாதாரணக் கணக்கு."

பெரியவர் அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். கோட்டு, டை, கையில் தோல் பெட்டி, காலில் கத்துகிற ஷூ. "சாதாரணக் கணக்கா?" என்று இன்னொரு தரம் கேட்டுவிட்டு டோக்கனைக் கிழித்துக் கொடுத்தார். முப்பத்தெட்டு. உள்ளே அப்போதுதான் இருபத்தைந்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மணி ஒன்றரை. நாலு மணிக்குள் பாஸ்புக்கின் முதல் பக்க நகலோடு பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் போய் நிற்க வேண்டும். அங்கே ஆறு லிஃப்ட். ஆறையும் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஒரு மெக்கானிக். ஏழு வருஷமாக அங்கே ஒரு நாள், இங்கே ஒரு நாள் என்று லிஃப்ட் ரிப்பேர்க் கூலிக்கு ஓடியவருக்கு மாசச் சம்பளம்! ஆனால் ஆஸ்பத்திரி அலுவலகப் பெண் கறாராகச் சொல்லிவிட்டாள்: "சம்பளம் கையில தரமாட்டோம், கணக்குலதான் போடுவோம். வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள கணக்கு நம்பர் வரலைன்னா, லிஸ்ட்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவோம்."

இன்றுதான் அந்த வியாழக்கிழமை.

ஒரு கணக்குத் திறப்பது என்ன மலையைப் புரட்டுகிற வேலையா என்று கேட்பீர்கள். உங்களுக்கு இல்லை, இவருக்கு மலைதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் கடன் வாங்கி ஒரு வேன் எடுத்தார். பதினோரு தவணை ஒழுங்காகக் கட்டினார். பன்னிரண்டில் மூச்சு வாங்கியது. பதினைந்தில் வேனை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சக் கடனைப் பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து முடித்தும் ஆயிற்று. என்ன பிரயோஜனம்? கெட்ட பெயர் மட்டும் ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. திங்கட்கிழமை ஒரு வங்கி அவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. செவ்வாய்க்கிழமை இன்னொரு வங்கி மூன்று மணி நேரம் காக்க வைத்து "நாளைக்கு வாங்க" என்றது. மறுநாள் போனால், "உங்களை யாரு வரச்சொன்னது?" என்று கேட்டது.

அதற்கு மேல் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "நீங்க வெள்ளந்தியாப் போய் நிக்கறீங்க, அவங்க உங்க தலையில மிளகாய் அரைக்கறாங்க. இந்தாங்க நோட்டு. யார் பேசினாலும் அவங்க பேரு, பேசின நேரம், என்ன சொன்னாங்க, எல்லாத்தையும் அவங்க கண்ணு முன்னாலயே எழுதுங்க. அப்ப எப்படி மாத்திப் பேசறாங்கன்னு பார்ப்போம்!"

மனைவியின் தம்பி இன்சூரன்ஸ் விற்பவன். அவனுக்கு உடுப்புதான் எல்லாம். "மாமா, பழைய சட்டையில போனா பழைய கடன்தான் தெரியும்" என்று தன் கோட்டு, டை, பெட்டி, ஷூ என எல்லாவற்றையும் மாட்டி அனுப்பிவிட்டான். வெறும் பெட்டி லேசாக ஆடுகிறதே என்று லிஃப்ட்காரர் தன் பங்குக்கு உள்ளே இரண்டு ஸ்பானரைப் போட்டுக்கொண்டார்.

முப்பத்தெட்டைக் கூப்பிடும்போது மணி இரண்டு இருபது. மூன்றாவது மேஜையில் கண்ணாடி போட்ட ஓர் இளம் பெண் அதிகாரி.

"உட்காருங்க சார். என்ன வேணும்?"

லிஃப்ட்காரர் உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்தார். மேஜைமேல் இருந்த பெயர்ப்பலகையை உற்றுப் பார்த்து, எழுத்துக் கூட்டி எழுதினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினார். அடியில் ஒரு கோடும் போட்டார்.

"என்ன சார் எழுதறீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம். உங்க பேரு. நீங்க பேச ஆரம்பிச்ச நேரம்."

"எதுக்கு சார்?"

"இருக்கட்டும். பின்னால தேவைப்படும்."

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நம்ம ஆள் அவசரமாக நோட்டை மூடினார். ஆரம்பத்திலேயே கோபப்படுத்திவிட்டோமே! சமாளிப்பதற்காகச் சிரித்தார். பயத்தில் சிரிக்கிற சிரிப்பு பார்க்க லட்சணமாகவா இருக்கும்? அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"எந்த மாதிரி கணக்கு வேணும் சார்?"

"சாதாரணக் கணக்கு மேடம். சம்பளம் வரணும், எடுக்கணும், அவ்வளவுதான். செக் புக் வேணாம். ஓவர்டிராஃப்ட் வேணாம். கிரெடிட் கார்டை என் கண்ணுலயே காட்டாதீங்க."

"சரி சார். என்ன வேலை பார்க்கறீங்க?"

இந்தக் கேள்விக்கு வீட்டில் ஒத்திகை பார்க்கவில்லை. வேலை இருக்கிறது என்றால் பொய். இல்லை என்றால் கணக்கு கிடைக்காது. கணக்கு இல்லையென்றால் வேலையே கிடையாது. கோட்டுக்குள் வியர்த்து ஊற்றியது.

"அதை... நாலு மணிக்கு அப்புறம் சொல்றேனே மேடம்."

"நாலு மணிக்கு அப்புறமா?"

"இப்பச் சொல்ற நிலைமையில நான் இல்லை."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அடையாள அட்டையை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டினாள். ஐந்தே நொடி. முகம் மாறிவிட்டது. அந்த மாற்றம் லிஃப்ட்காரருக்குப் பழக்கமானதுதான். திங்களும் பார்த்தார், செவ்வாயும் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் சார்" என்று எழுந்து மேனேஜர் அறைக்குள் ஓடினாள்.

கண்ணாடி அறை அது. உள்ளே அவள் கையை ஆட்டிப் பேசுவது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. மேனேஜர் எட்டிப் பார்த்தார். லிஃப்ட்காரர் சட்டென்று பார்வையைக் கூரைக்குத் திருப்பினார். கூரையைப் பார்த்தால் எந்த விளக்கு எரியவில்லை, எந்த ஒயர் தொங்குகிறது என்று எண்ண ஆரம்பித்துவிடுவார், தொழில் புத்தி அப்படி. விரல் விட்டு எண்ணினார். மூன்று விளக்கு அவுட். கீழே பார்த்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜரும் அண்ணாந்து விளக்கை எண்ணிக்கொண்டிருந்தார்.

நம்ம ஆள் மெதுவாகப் போனை எடுத்து வீட்டைக் கூப்பிட்டார்.

"போச்சும்மா, மாட்டிக்கிட்டேன். உள்ள குசுகுசுன்னு பேசறாங்க. போலீஸைக் கூப்பிடறாங்களோ என்னவோ!"

"போலீஸ் எதுக்கு வருது? அதான் ஒரு பைசா பாக்கி இல்லாம அடைச்சாச்சே! மென்னு முழுங்காம உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. கேட்கற காதுக்குக் கேட்கும்."

போன் கை மாறியது. மச்சான். "மாமா, அக்கா பேச்சைக் கேட்காதீங்க. கெஞ்சினா மிஞ்சுவாங்க, மிஞ்சினாத்தான் கெஞ்சுவாங்க. எந்த விதியில இருக்குன்னு கேளுங்க. விதின்னு சொன்னாலே ஆடிப் போயிருவாங்க!"

ஒரே வீட்டில் இரண்டு யோசனை. எதைக் கேட்பது? இரண்டையுமே கேட்பது என்று முடிவு செய்தார் லிஃப்ட்காரர். முதலில் மச்சான், அப்புறம் மனைவி.

பெண் அதிகாரி திரும்பி வந்தாள். "சார், கொஞ்ச நேரம் வெயிட் பண்ண முடியுமா?"

"மேடம்!" குரல் அவர் நினைத்ததைவிட நாலு மடங்கு பெரிதாக வந்தது. "பழைய கடன் பிரச்சினை இருந்த ஒருத்தருக்கு சாதாரணக் கணக்கு தரக்கூடாதுன்னு எந்த விதியில இருக்கு? சொல்லுங்க, எழுதிக்கறேன்!"

கூடத்தில் எல்லாத் தலையும் திரும்பியது. பணம் எண்ணுகிற இயந்திரம்கூட நின்றுவிட்டது. அவள் கையிலிருந்த பேனா கீழே விழுந்து உருண்டது.

"அப்படி... அப்படி விதி எதுவும் இல்லை சார்."

"இல்லையா?" அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் திங்களும் செவ்வாயும் நடந்தது என்ன? இருந்தாலும் எழுதிக்கொண்டார்: விதி இல்லை, மணி இரண்டு நாற்பது.

மேனேஜரே வெளியே வந்துவிட்டார். வழுக்கைத் தலையில் முத்து முத்தாக வியர்வை. "சார், நீங்க எதுக்கு வெளிய உட்கார்ந்துகிட்டு? உள்ள வாங்க, உள்ள வாங்க."

க்ரீச், க்ரீச் என்று லிஃப்ட்காரர் உள்ளே போனார். பின்னாலேயே பெண் அதிகாரியும் துணை மேனேஜரும் வந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. ஏசியைக் கூட்டினார்கள். தட்டில் காபி வந்தது, பக்கத்தில் இரண்டு பிஸ்கட்டும் வந்தது. வெட்டப் போகிற ஆட்டுக்குத்தான் தழையை நிறையக் காட்டுவார்கள் என்பது லிஃப்ட்காரருக்குத் தெரியாதா? காபியைத் தொடவில்லை.

"சர்க்கரை கம்மியா இருக்குங்களா சார்?" என்றார் மேனேஜர்.

"வேணாம் சார். வந்த வேலை முடியறவரைக்கும் நான் எதையும் தொடமாட்டேன்."

மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். துணை மேனேஜர் சத்தமில்லாமல் தட்டை நகர்த்தி வைத்தார்.

"அப்ப... ஆரம்பிச்சிரலாம் சார்" என்றார் மேனேஜர். "அந்தப் பழைய கடன் கதையைச் சொல்லுங்க. நாங்க மூணு பேரும் முழுசாக் கேட்கறோம்."

மணி மூன்று. மச்சான் சொன்னதைச் செய்தாயிற்று. இனி மனைவி சொன்னதுதான் பாக்கி. லிஃப்ட்காரர் டையைத் தளர்த்திக்கொண்டு ஆரம்பித்தார். வேன் வாங்கியது, சவாரி குறைந்தது, தவணை தவறியது. சொல்லச் சொல்ல, அவர் சொல்ல நினைக்காததும் வெளியே வந்தது.

"வேனை எடுத்துட்டுப் போன அன்னிக்கு என் பொண்ணுக்கு அஞ்சு வயசு சார். சர்வீஸுக்குப் போயிருக்குன்னு அவகிட்டச் சொன்னேன். ஒரு வருஷம் 'அப்பா, நம்ம வேன் எப்ப வரும்'னு கேட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம் ஒரு நாள் கேட்கறதை நிறுத்திட்டா. கேட்டப்பகூடத் தாங்கிக்கிட்டேன் சார், நிறுத்தினதுதான் என்னால தாங்க முடியலை. கடனை அடைச்சு நாலு வருஷம் ஆச்சு. இன்னும் எந்த மேஜை முன்னால உட்கார்ந்தாலும் நான் திருடன் மாதிரிதான் உட்கார்றேன்..."

அதற்கு மேல் முடியவில்லை. மச்சானின் கோட்டுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதார். குலுங்கிக் குலுங்கி அழுதார். ஏழு வருஷத்து அழுகை அது.

பெண் அதிகாரியின் கண்ணும் கலங்கிவிட்டது. துணை மேனேஜர், "அடேயப்பா!" என்று முணுமுணுத்தார். மேனேஜர் மெல்லத் தலையாட்டினார். "ரொம்ப நல்லாச் சொன்னீங்க சார். அசத்திட்டீங்க."

லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது. அழுகிறவனைப் பார்த்து அசத்திட்டீங்க என்றால் என்ன அர்த்தம்? "கேலி பண்ணாதீங்க சார். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க. அதையும் எழுதிக்கிட்டுப் போயிடறேன்."

"ஐயையோ, முடியாதுன்னு யார் சொன்னா!" மேனேஜர் துள்ளி எழுந்து மற்ற இருவர் பக்கம் திரும்பினார். "பழைய கடன் பிரச்சினை இருந்த ஒருத்தர் சாதாரணக் கணக்கு கேட்டு வந்தா, நாம என்ன செய்யணும்?"

"உடனே திறந்து கொடுக்கணும் சார்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அவரை எப்படி நடத்தணும்?"

"மத்தவங்களை மாதிரியே மரியாதையா நடத்தணும் சார்!"

லிஃப்ட்காரர் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இது என்ன பள்ளிக்கூடமா? ஆனால் மணி மூன்று பதினைந்து, யோசிக்க நேரமில்லை. படிவம் வந்தது. கையெழுத்துப் போடுகிற இடத்தையெல்லாம் பென்சிலால் குறித்துக் கொடுத்தார்கள். பேனா எழுதவில்லை என்றதும் மேனேஜர் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அச்சு இயந்திரம் கடகடவென்று ஓடியது. பாஸ்புக் வந்தது. மேனேஜரே போய் முதல் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு வந்தார்.

"ரெண்டா எடுத்திருக்கேன் சார். ஒண்ணு தொலைஞ்சாலும் ஒண்ணு இருக்கட்டும். அப்புறம்... அந்த மூணு விளக்கையும் நாளைக்கே மாத்திடறோம்."

எந்த விளக்கு என்று கேட்கக்கூட லிஃப்ட்காரருக்குத் தோன்றவில்லை. பாஸ்புக்கில் அவர் பெயர் இருந்தது. பக்கத்தில் குறியில்லை, கோடில்லை, வெறும் பெயர். அதை விரலால் தடவிப் பார்த்தார். கண்ணீர் இன்னும் முழுசாகக் காயவில்லை, அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது.

மணி மூன்று முப்பத்தைந்து. வாசலை நோக்கி நடந்துகொண்டே போனில் கூவினார். "கிடைச்சிருச்சும்மா! நீ சொன்னதுதான் சரி, உன் தம்பி சொன்னதெல்லாம் குப்பை! உள்ளதை உள்ளபடி சொன்னேன், அழுதேன், அவ்வளவுதான். ஒருத்தன் அழுதா அதை நம்பி மனசு இறங்கற ஜனங்க இன்னும் உலகத்துல இருக்காங்கம்மா!"

ஷூ இப்போதும் கத்தியது. கத்தட்டும், யார் பார்த்தால் என்ன! செக்யூரிட்டி பெரியவர் ஓடிவந்து கதவை அகலத் திறந்தார். விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, லிஃப்ட்காரரின் காதருகே குனிந்தார்.

"சார், ரிப்போர்ட்ல கதவைத் திறந்துவிட்டது நான்தான்னு ஒரு வார்த்தை எழுதிருங்க. போன வருஷம் எங்களைச் சோதிக்க ஹெட் ஆபீஸ்லேருந்து வந்தவரும் கடன் கட்டாத ஆள் மாதிரிதான் நடிச்சாரு... ஆனா சும்மா சொல்லக்கூடாது சார், உங்க அளவுக்கு அவருக்கு அழ வரலை!"