தாழ்ப்பாள் இல்லாத கதவும் என் தன்முனைப்பு உரையும்

இரண்டு நாள் தன்முனைப்புப் (மோட்டிவேஷன்) பயிற்சிக்குப் போய்வந்தவனிடம் ஒரு வாரத்துக்கு யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. அப்படிப் போய்வந்தவன் நான்தான்.

அப்போது மலேசியாவின் ஈப்போவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகச் சேர்ந்து ஆறாவது மாதம். வேலை நிரந்தரமானால்தான் பெண் தருவேன் என்று தெலுக் இந்தானில் இருந்த வருங்கால மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து பேக்கிங் பகுதி மந்தமாகிவிட்டது. பெண்கள் ரெண்டு ரெண்டு பேராக எழுந்து பின்பக்கம் போய், சாவகாசமாகத் திரும்பி வந்தார்கள். மாதக் கடைசிக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகச் சீன முதலாளி சொல்லிவிட்டார்.

நான் யார்? கோலாலம்பூரில் பயிற்சி எடுத்தவன் ஆயிற்றே! தொழிலாளியின் மனத்தேவையை நிறைவேற்றினால் உற்பத்தி தானாக ஏறும் என்று அங்கே சொன்னதை அப்படியே விழுங்கியிருந்தேன். (செரித்ததா என்று கேட்காதீர்கள்.) ஆளுக்கொரு நட்சத்திர அட்டை குத்திவிட்டேன். தினமும் காலையில் வட்டமாக நிற்கவைத்துச் சிரிக்கச் சொன்னேன். பாவம், சிரித்தார்கள்.

பேக்கிங்கில் மூத்தவரான சரோஜா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய கை அவருடையது.

"தம்பி, இதெல்லாம் வேணாம்லா. பின்னால கக்கூஸை ஒருக்கா வந்து பாருங்க."

"அக்கா, நான் மனசைப் பத்திப் பேசுறேன். நீங்க கக்கூஸைப் பத்திப் பேசுறீங்க!"

"அது சரியில்லாட்டி மனசு எங்க இருக்கும்?" என்று முணுமுணுத்தபடி டின் அடுக்கப் போய்விட்டார்.

மாதக் கடைசியில், பேக்கிங் கூடத்துப் பின்வாசலில் நின்று என் மாபெரும் தன்முனைப்பு உரை. முதல் வரிசையில் முதலாளி. பதற்றத்தில் மூன்று கிளாஸ் தே தாரேக் டீ குடித்திருந்தேன். பாதி உரையில் அது வேலையைக் காட்டியது. அன்றைக்கென்று நான் வழக்கமாகப் போகும் மாடிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லை. "அஞ்சு நிமிஷம் யோசிங்க" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் பின்பக்கம் ஓடினேன்.

உள்ளே போன பிறகுதான் பார்த்தேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். கதவோ தானாக வெளிப்பக்கம் திறந்துகொள்ளும் ரகம். ஒரு கையால் இழுத்துப் பிடித்தேன். பேண்ட்டுக்கு இரண்டு கையும் வேண்டுமே! விட்டேன்.

கிரீச்.

நேர் எதிரே மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தது. நான் நின்ற கோலத்தை விவரிக்க மாட்டேன்.

"ஐயோ தம்பி! தனியாவா போனீங்க? கதவைப் பிடிக்க ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போவணும்லா!" என்று கத்தினார் சரோஜா அக்கா.

முதலாளி இரண்டு விரலை நீட்டி, "டுவா ஓராங்... டுவா ஓராங்..." (ரெண்டு ரெண்டு பேரு!) என்று முனகினார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்றே கடைக்கு ஓடி, தாழ்ப்பாள் வாங்கி நானே மாட்டினேன். மறுநாளிலிருந்து ஒவ்வொருவராகப் போய்ச் சட்டென்று வந்தார்கள். பேக்கிங்கும் பழையபடி ஓடியது. இரண்டு மாதமாக அந்தப் பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி காவல் நின்றிருக்கிறார்கள். நான் அதைச் சோம்பல் என்று அறிக்கையில் எழுதியிருந்தேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வேலை நிரந்தரமானது, கல்யாணமும் நடந்தது. பேக்கிங் பெண்கள் தந்த பரிசைப் பிரித்தால் பித்தளைத் தாழ்ப்பாள், நான்கு திருகாணிகளோடு! இப்போது எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவில் இருப்பது அதுதான். நான் வீட்டில் உபதேசம் ஆரம்பித்தால் போதும், மகள் எழுந்து நின்றுவிடுவாள்.

"அப்பா, கதவைப் பிடிச்சுக்க நான் வரவா?"