முகூர்த்தப் பந்தலில் ஒத்தச்சொட்டு

திண்டுக்கல்லில் ஆட்களை முகத்தைப் பார்த்து அல்ல, இடக்கை மோதிர விரலைப் பார்த்தே அடையாளம் கண்டுகொண்ட ஒரே மனிதர் எங்கள் ஒத்தச்சொட்டு. மலேரியா ஆபீஸில் மைக்ராஸ்கோப் பார்ப்பவர். "ஒத்தச் சொட்டுதேன்!" என்று சொல்லி முடிப்பதற்குள் ஊசியால் குத்திவிடுவார், அதுவே பெயராகிவிட்டது.

ரத்தம் எடுத்துவர ஆபீஸில் வேறு ஆட்கள் உண்டு. இவருக்கு அவர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. சினிமாக் கொட்டகையில் பக்கத்து ஆள் துண்டை இழுத்துப் போர்த்தினால் போதும், இடைவேளைக்குள் அந்த ஆளின் ரத்தம் கண்ணாடித் துண்டில் காய்ந்துகொண்டிருக்கும். காய்கிற ரத்தத்தை எறும்பு தின்றுவிடும் என்று வீட்டில் சர்க்கரையே வாங்க மாட்டார்.

எனக்குத் தாடிக்கொம்பில் பெண் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் சிறுமலைப் பக்கம் போய்வந்தவனுக்குக் குளிர்காய்ச்சல் பிடித்துக்கொண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் பல் தந்தியடிக்கும்.

"வாயத் தொறக்காத," என்றார் என் தாய்மாமா. "சீக்காளி மாப்பிள்ளைனு தெரிஞ்சா பொண்ணு குடுப்பாகளா? பல்லக் கடிச்சுக்கிட்டுத் தாலியக் கட்டிரு."

எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது. பல்லைக் கடிக்கத்தான் முடியவில்லை.

மணவறையில் உட்கார்ந்ததும் உடம்பு உதறியது. மணப்பெண்ணும் சேலையை இறுக்கிப் போர்த்தியிருந்தாள்; வெட்கம் என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு வந்திருந்த ஒத்தச்சொட்டு, பெட்டியோடு ஓடிவந்து என் விரலைப் பிடித்தார்.

"மாப்பிள்ளைக்கு என்னய்யா?" என்று பெண்ணின் அப்பா எழுந்தார். மாமாவுக்கு முகம் வெளுத்தது.

"சார், கல்யாணத்தக் கெடுத்துராதீக," என்று நான் கெஞ்சினேன்.

ஒத்தச்சொட்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இந்தப் பக்கம் மலேரியா இருக்கு. கூட்டம் கூடுன எடத்துல அம்புட்டுப் பேருக்கும் எடுக்கணும். மாப்பிள்ளையில ஆரம்பிக்கிறதுதான மரியாத!"

"எம் பொண்ணுக்கு வேணாம்!" என்று பெண்ணின் அப்பா பதறினார். அதற்குள் அவள் விரலிலும் குத்தியாகிவிட்டது. அடுத்து பெண்ணின் அப்பா, மாமா, நாதஸ்வரக்காரர், சமையல்காரர். எனக்கு விசிறி வீசிக்கொண்டிருந்தவரைப் பிடித்து, ஈ உட்காராமல் கண்ணாடிகளுக்கு வீசச் சொன்னார். பந்தலே விரலைத் தூக்கிப் பிடித்திருக்க, நான் தாலி கட்டினேன்.

மறுநாள் இரண்டு வீட்டாரும் விருந்துக்கு உட்கார்ந்திருந்தபோது ஒத்தச்சொட்டு மாத்திரையோடு வந்து நின்றார்.

"சாயம் போட்டு அம்புட்டுக் கண்ணாடியும் பாத்துட்டேன். ரெண்டுலதேன் மலேரியாக் கிருமி இருந்துச்சு. ரெண்டும் மணவறையில உக்காந்திருந்துச்சு."

"காய்ச்சல மறச்சா கட்டி வச்சீக?" என்று குதித்தார் மாமா.

"நீங்க மட்டும்?" என்றார் மாமனார்.

"சண்டைய அப்புறம் வச்சுக்கங்க. பிள்ளைக மொதல்ல சாப்பிடட்டும். வெறும் வயித்துல மாத்திரை போட்டாக் கொமட்டும்."

நாங்கள் சாப்பிட்டு மாத்திரையை விழுங்கும்வரை அவர் நகரவில்லை. கசப்பில் நான் போட்ட முகத்தைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள். சண்டைக்கு எழுந்தவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

போகும்போது, "பயப்படாத தாயி, சரியாப் போயிரும்," என்று அவள் தலையைத் தொட்டார். கூடப்பிறந்தவர்கள் இல்லாத என் மனைவி அன்றிலிருந்து அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டாள். எனக்கு அப்படி ஒரு மச்சான் வாய்த்ததில் இன்றுவரை சந்தோஷம்.