கோட்டு பிடித்து முன்னேறிய லானி

மனித இனம் இதுவரை கண்டுபிடித்த பதவிகளிலெல்லாம் உன்னதமானது, கல்லூரிக் கூடைப்பந்து அணியின் துணைப் பயிற்சியாளர் பதவி. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. மற்ற வேலைகளில் உழைப்பவர் முன்னேறுவார் என்றொரு மூடநம்பிக்கை இன்னும் இருக்கிறது. இந்தத் துறை அதை என்றைக்கோ ஒழித்துக்கட்டிவிட்டது.

கான்சாஸ் காட்டன்வுட் பல்கலைக்கழகத்தின் 'முதுநிலைத் துணைப் பயிற்சியாளர்' லானி ஹேவர்கேம்ப், ஏணியின் எந்தப் படியையும் தாண்டிக் குதித்தவரல்ல. முதலில் வீரர்களின் வியர்வை பனியன்களைத் துவைத்தார். பிறகு எதிரணிகளின் ஆட்ட வீடியோவை வெட்டி ஒட்டினார். அடுத்து 'ஆள் சேர்ப்பு' என்னும் ராஜதந்திரப் பணி வந்தது. நன்றாக ஆடும் பதினேழு வயதுப் பையனுக்குக் காலையில் "எழுந்துட்டியா ராஜா?" என்று செய்தி அனுப்ப வேண்டும். அவன் அம்மா வளர்க்கும் நாயின் பிறந்தநாளை மறக்கக் கூடாது. கோடை முழுவதும் பள்ளி அரங்குகளில், சட்டையிலுள்ள கல்லூரிச் சின்னம் அந்த அம்மாவின் கண்ணில் படும்படி உட்கார்ந்திருக்க வேண்டும். கை கட்டினால் சின்னம் மறைந்துவிடும் என்பதால் லானி பதினைந்து கோடைகளாகக் கை கட்டியதே இல்லை.

இந்தத் தொழிலில் தலைமைப் பயிற்சியாளரின் சீட்டு கிழிந்தால் துணைவர்களின் சீட்டும் சேர்ந்தே கிழியும். அப்படியாகப் பதினேழு ஆண்டுகளில் ஆறு ஊர் பார்த்தாயிற்று. மனைவி பிரெண்டா அட்டைப் பெட்டிகளைப் பிரிப்பதையே நிறுத்திவிட்டாள். வாணலி வேண்டுமென்றால் 'சமையலறை - மூன்றாவது ஊர்' என்று எழுதிய பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவுவாள்.

"ஏழாவது ஊருக்கு நான் வரமாட்டேன் லானி. சொல்லிட்டேன். நீ வேணா அந்தப் பெட்டிங்களோட குடும்பம் நடத்து."

"இந்தத் தடவ அப்படி ஆகாது பிரெண்டா. எனக்கே தலைமைப் பதவி வரப்போகுது."

"இதத்தான் நாலாவது ஊர்லயும் சொன்ன."

இப்போது லானி வகித்ததுதான் ஏணியின் மேல்படி. கோட்டு பிடிக்கும் படி. தலைமைப் பயிற்சியாளர் டெல் ஸ்டாட்கில் முன்கோபத்துக்குப் பேர்போனவர். நடுவர் விசில் ஊதினால் போதும், பாய்ந்துவிடுவார். பயிற்சியாளர் நிற்க வேண்டிய எல்லையைத் தாண்டி நடுவரைத் திட்டினால், நடுவர் ஒரு கையின் விரல் நுனியை மறு உள்ளங்கையில் குத்திக் காட்டுவார். ஒரே ஆட்டத்தில் அப்படி இரண்டு முறை வாங்கினால் அரங்கை விட்டே வெளியேற வேண்டும். ஆகவே ஸ்டாட்கில் எழும்போதெல்லாம் அவர் கோட்டின் பின்பக்கத்தை லானி இறுகப் பிடித்துக்கொள்வார். ஆறு ஆண்டுகளில் ஏழு கோட்டுகள் தையல் விட்டன. ஸ்டாட்கில் ஒருமுறைகூட வெளியேற்றப்பட்டதில்லை.

அணியும் ஒருமுறைகூட உருப்பட்டதில்லை. ஸ்டாட்கிலின் ஒப்பந்தம் அந்த மார்ச் மாதத்தோடு முடிய இருந்தது. விளையாட்டுத் துறை இயக்குநர் ஹால் பிட்னர் லானியைத் தாழ்வாரத்தில் ஓரங்கட்டினார்.

"சனிக்கிழமை கடைசி ஆட்டம். திங்கக்கெழம கமிட்டி கூடுது. பசங்களத் தெரிஞ்ச ஆளா ஒருத்தர் வேணும். உன் பேரும் அடிபடுது."

அன்றிரவு லானி இரண்டு தட்டு சில்லி என்னும் பீன்ஸ்-இறைச்சிக் குழம்பும், அதற்குத் தொட்டுக்கொள்ள மூன்று இனிப்பு சினமன் ரோலும் சாப்பிட்டார். அவ்வளவு சந்தோஷம்.

சனிக்கிழமை ஆட்டம் முடிய நான்கு நிமிடங்கள். லிண்டேல் அணி ஒன்பது புள்ளி முன்னால் இருந்தது. முதல் பாதியிலேயே ஸ்டாட்கில் ஒரு முறை குத்து வாங்கியாயிற்று.

"கோச், ஜோனுக்கு மாறிடுவோம். அவங்களுக்குத் தூரத்துலேர்ந்து போட வராது," என்றார் லானி. ஆளுக்கு ஆள் துரத்தாமல், ஆளுக்கொரு இடத்தைக் காக்கும் முறை அது. இரண்டு வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நோட் பண்ணிக்கிட்டேன். நீ ஒழுங்காப் புடிடா!"

அப்போது நடுவர் விசில் ஊதினார். ஸ்டாட்கில் பாய்ந்தார். லானியின் கையில் கோட்டு இருந்தது. மனத்தில் பிரெண்டா இருந்தாள், அந்தப் பெட்டிகள் இருந்தன. விரல்களைத் திறந்துவிட்டார்.

ஆறு வருடமாகப் பின்னால் ஒரு பிடி இருக்கும் என்று நம்பிப் பாய்ந்த மனிதர், மைதானத்தின் நடுவில் போய்த்தான் நின்றார்.

"யோவ், கண்ணு ரெண்டையும் வீட்லயே கழட்டி வச்சிட்டு வந்தியா?"

நடுவர் விரலைக் குத்தி வாசலைக் காட்டினார். ஸ்டாட்கில் கோட்டைக் கழற்றித் தரையில் வீசிவிட்டு, கூட்டம் ஆரவாரிக்க, கம்பீரமாக வெளியேறினார். அதற்காக லிண்டேலுக்குக் கிடைத்த அபராத வீசல்களில் வித்தியாசம் பதினொன்றானது.

லானி எழுந்து நின்றார். "பசங்களா, ஜோன்!"

"கோச், நெசமாவா?" என்றான் பந்து கொண்டுபோகும் வீரன் டெமாரியோ. "ரெண்டு வருஷமா இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தோம்!"

லிண்டேல் அணி அப்புறம் ஒரு பந்தைக்கூடக் கூடைக்குள் போடவில்லை. காட்டன்வுட் ஒரு புள்ளியில் ஜெயித்தது. பிரெண்டா வீட்டில் முதல் பெட்டியைப் பிரித்தாள்.

திங்கட்கிழமை லானி இஸ்திரி போட்ட சட்டையோடு பிட்னரின் அறைக்குப் போனார்.

"உக்காருப்பா. ஒரு நல்ல சேதி. டெலுக்கு அஞ்சு வருஷம் நீட்டிச்சிட்டோம்."

"சார், அவரத்தான் வெளிய அனுப்பிட்டாங்களே?"

"அந்த ஆவேசத்தப் பாத்தியா? அந்த வீடியோவ பத்து லட்சம் பேர் பாத்துட்டாங்க. நன்கொடை குடுக்கறவங்க கண்ணுல தண்ணி. அவர் போன கோவத்துலதான் பசங்க ஜெயிச்சாங்க."

"ஜோனுக்கு மாத்துனது நான் சார்."

"விதிப்படி வெற்றி தலைமைப் பயிற்சியாளர் பேர்லதான் ஏறும். அத விடு. கமிட்டி உன்னப் பத்தி ரெண்டு மணி நேரம் பேசுச்சு. இங்க எத்தன ஆட்டத்துல அவர் கோட்டப் புடிச்சிருக்க?"

லானிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "ஒண்ணு விடாம சார். நூத்தி எண்பது இருக்கும்."

"அதுல தோத்தது?"

"நூத்தி இருபத்தி ரெண்டு."

"விட்டது?"

"ஒரே ஒரு தடவ."

"அதுல ஜெயிச்சோம்." பிட்னர் வருத்தத்தோடு மேசையிலிருந்த ஃபைலை மூடினார். "ஆறு வருஷமா இந்தப் பல்கலைக்கழகம் முன்னேறாம யார் புடிச்சி இழுத்துக்கிட்டிருந்தாங்கன்னு இப்பதான் புரிஞ்சுது. நாளைக்குள்ள ரூமைக் காலி பண்ணிடு லானி."

லானி கேட்டார்: "அந்தக் கடைசி நாலு நிமிஷம் டீமை நடத்துனது யாரு சார்?"

பிட்னர் நேர்மையாக யோசித்தார். "யாருமில்ல. கோச் இல்லாம இருந்ததாலதானே ஜெயிச்சோம்."

"அப்ப இன்னும் அஞ்சு வருஷத்துக்கு அவர் எதுக்கு சார்?"

"என்னப்பா பேசற? ஒவ்வொரு ஆட்டத்துலயும் வெளிய அனுப்பறதுக்கு ஒருத்தர் வேண்டாமா?"